சிவனம்மாள் ஊற்றிய தண்ணீர்

கருப்பணன் கார் வாங்குவார் என்று யாராவது சொல்லியிருந்தால் குஜிலியம்பாறையே சிரித்திருக்கும். நூல் மில்லில் ஷிப்ட் வேலை, மிச்ச நேரத்தில் ஆடு மேய்ப்பு. அந்த மனிதர் ஐம்பது வயதைத் தாண்டி ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டார் என்றால் அது மனைவி சிவனம்மாளுக்காக. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் இரண்டு தடவை திண்டுக்கல் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். முடிந்து வெளியே வரும்போது அவளால் நிற்கக்கூட முடியாது. அந்த நிலையில் அவளை நெரிசல் பஸ்ஸில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. ஆடுகளை விற்றுத் திண்டுக்கல்லில் பழைய கார் ஒன்றை எடுத்தார்.

"எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாத்துக்கும் ஒரு வருஷம் வாரண்டி" என்றார்கள் ஷோரூமில். எது கெட்டாலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கருப்பணன் எடுத்துக்கொண்டார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? நாமெல்லாம் வேறு மாதிரியா புரிந்துகொள்கிறோம்?

சிவனம்மாள் அந்தக் காரைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்தாள். அவள் அப்பா கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்திருந்தவர். ஓட்டுவதற்கு முன்னால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது சிறுவயதில் அவள் வேலை. அந்தப் பழக்கத்தில், காலையில் பானட்டைத் திறந்து தரச் சொல்லி, ரேடியேட்டரில் குறைந்திருக்கும் அளவுக்கு போர்வெல் தண்ணீரை ஊற்றுவாள். குடித்தால் நாக்கில் கரிக்கும் தண்ணீர் அது. அவளுக்கோ ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

"நாந்தான் குடிக்கக் கூடாது. இதாவது வயிறாரக் குடிக்கட்டும்" என்று சிரிப்பாள். அவள் சிரிப்பதே அபூர்வமாகிப்போன நாட்கள் அவை. கருப்பணன் பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் எரியோட்டுக்குப் பக்கத்தில் பானட்டிலிருந்து புகை கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது. மறுநாள் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷோரூம் போனார்கள். அங்கே சர்வீஸ் பார்க்கும் ரோசலின் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எஞ்சினுக்குத்தான் வாரண்டி இருக்கேம்மா?" என்றார் கருப்பணன்.

"இருக்குங்கய்யா. ஆனா தானா கெட்டாத்தான் வரும். இதுல எஞ்சினக் குளுத்துற கூலண்ட்தான் ஊத்தணும். பூராம் உப்புத் தண்ணியால்ல இருக்கு? உள்ள உப்புப் படிஞ்சு அடைச்சு, எஞ்சின் சூடேறிப் போச்சு. இத கம்பெனி ஒத்துக்காது."

"தெனம் கொஞ்சந்தாம்மா கொறையும். அத நெரப்புறதுதான்."

ரோசலின் கழற்றி வைத்திருந்த பம்ப்பை எடுத்துக் காட்டினாள். "வாட்டர் பம்ப் ஒழுகியிருக்குங்கய்யா. கொறையுதுன்னு அன்னைக்கே கொண்டாந்திருந்தா பம்ப்பச் சும்மாவே மாத்திக் குடுத்திருப்போம். அதுக்கு வாரண்டி உண்டு. தண்ணி ஊத்துனது யாரு?"

சிவனம்மாள் வாயைத் திறந்தாள். "நாந்தாம்மா" என்று முந்திக்கொண்டார் கருப்பணன்.

பஸ் ஸ்டாண்டில் அவள் அழுதாள். "ஏங்க பொய் சொன்னீங்க?"

"பானட்டத் தெறந்து விட்டது ஆரு புள்ள? நாந்தான?"

வேறு எஞ்சின் போட அவரிடம் வழியில்லை. கார் ஷோரூம் மூலையில் நின்றுபோனது. மறுபடியும் பஸ். இரண்டாம் முறை திரும்பும்போது பக்கத்தில் இருந்த பெண்ணின் சேலையில் சிவனம்மாள் வாந்தி எடுத்துவிட்டாள். அந்தப் பெண் பேசாத பேச்செல்லாம் பேசினாள். வீட்டுக்கு வந்ததும் சிவனம்மாள் சொன்னாள்: "போதுங்க. இனி நான் வரல."

கருப்பணன் கத்தினார். பிறகு கெஞ்சினார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டயாலிசிஸ் நாள் வந்தது. பஸ் வரும் சத்தம் கேட்டும் அவள் பாயை விட்டு எழவில்லை. கருப்பணன் குனிந்து அவளை அப்படியே தூக்கினார். கையில் கனமே இல்லை. கூடவே இருந்தும் இவள் இம்புட்டுத் தேய்ந்துபோனது எப்படித் தெரியாமல் போனது?

"எறக்கி விடுங்க, ஆளுக பாக்குறாங்க" என்று முனகினாள்.

அவர் விடவில்லை. தெருவில் இறங்கி ஓடினார். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தவருக்கு அழுகைதான் வந்தது.