இரண்டு மூடி மருந்து

எங்கள் ஊரில் பூச்சிமருந்து பாட்டிலை யார் வாங்கி வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். நான் இரண்டாம் வகுப்பு வரை போனவள். என் வயதுப் பெண்களில் வேறு யாரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது கிடையாது. பூண்டுக்கோ உருளைக்கிழங்குக்கோ மருந்து அடிக்கிற நாளில், "மதினி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று வந்து நிற்பார்கள். நான் பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பேன். கண்ணைச் சுருக்குவேன். உதட்டை லேசாக அசைப்பேன். பிறகு, "டேங்குக்கு ரெண்டு மூடி. காத்துக்கு முதுகக் காட்டி அடி" என்பேன். மறுத்துப் பேசியவர் இல்லை.

அந்தப் பொடி எழுத்தில் ஒரு வரிகூட எனக்குப் படிக்க வராது. பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன், அதோடு சரி. இப்போதும் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மருமகள். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பாட்டிலின் மேல் சாய்ந்த கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் கொடிய மருந்து, மஞ்சள் அதற்கு அடுத்தது, பச்சை என்றால் அவ்வளவு பயமில்லை. மருந்துக் கடைக்காரர் எப்போதோ சொன்ன இதையும், எல்லாவற்றுக்கும் இரண்டு மூடி என்பதையும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். வாசிக்கத் தெரிந்தவள் என்று எடுத்த பெயரை விட மனசு வரவில்லை.

மருமகள் கொடைக்கானலில் எம்.ஏ. படிக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கட்டும் என்று சொன்னவள் நான்தான். என் மகன் காய் லோடு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போய் வருகிறவன், வீட்டில் இருப்பது வாரத்தில் இரண்டு நாள். மன்னவனூர்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் படித்து வருவது லேசான காரியமில்லை. வெள்ளனே எழுந்து அவளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து பூண்டின் காய்ந்த தண்டை நறுக்கியபடியே சொன்னாள்.

"அத்தை, ஆராய்ச்சிக் கட்டுரை ஒண்ணு எழுதணுங்க. தலைப்பு திங்கக்கெழமைக்குள்ள குடுத்தாகணும். சொந்த ஊர்ல இருந்தே எடுக்கச் சொல்றாங்க மிஸ்ஸு."

"எடேன். நம்ம ஊர்ல என்ன இல்ல?"

"எடுத்துட்டேன். மருந்து பாட்டில்ல எழுதியிருக்கறத நம்ம சனங்க எப்பிடிப் புரிஞ்சிக்கிறாங்கன்னு வீடு வீடாப் போயி மூணு கேள்வி கேக்கப் போறேன். யாரு படிச்சுச் சொன்னாங்க? எத்தன மூடி ஊத்துனீங்க? அடிச்ச பெறகு ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுச்சா?"

கத்தி என் கையிலேயே நின்றுவிட்டது. முதல் கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது கேள்வியைக் கீழ்வீட்டில் போய்க் கேட்டால்?

மலைச்சரிவில் எங்கள் வீட்டுக்கு அடியில், படி இறங்கினால் இருப்பது கீழ்வீடு. அந்த வீட்டுக்காரி என்னைவிட இருபது வயது இளையவள். முந்தின வருஷ மழைக்காலத்தில் புதுசாக ஒரு மருந்து வாங்கி வந்தாள். மஞ்சள் கட்டம். வழக்கம்போல இரண்டு மூடி என்றேன். அந்த பாட்டிலின் மூடி மற்ற மூடிகளைப் போல இரண்டு பங்கு பெரியது. அதைத் திருகித் திறந்து மோந்து பார்த்தவளே நான். கையில் வைத்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. பொழுது உச்சிக்கு வருவதற்குள் பூண்டுத் தோட்டத்தில் விழுந்துவிட்டாள். வாயில் நுரை. காய் ஏற்றுகிற ஜீப்பில் போட்டுக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்து வந்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் வலது கை ஆடுகிறது. டம்ளர் நிறையக் காப்பி கொடுத்தால் பாதி தரையில்.

வெறும் வயிற்றோடு மருந்து அடித்ததால் வந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அதையே பேசினேன். அந்த மூடியைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. கையாட்டத்துக்கு அதுதான் காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம்.

அதனால் மருமகளைத் திருப்பப் பார்த்தேன்.

"காட்டுமாட்டப் பத்தி எழுது. கேரட்டுக் காட்டுக்குள்ள எறங்கி எம்புட்டு அழிக்குது."

"காட்டுமாட்டுக்கிட்டப் போயி யாரு கேள்வி கேக்குறது? நீங்க வர்றீங்களா?"

"வெளையாடாத. பாட்டிலப் பத்தி எழுதுனா நாளைக்கு ஏவாரி நம்ம காய வாங்குவானா? ஊரே வந்து நம்ம வாசல்ல நிக்கும். நான் இந்த ஊர்ல தல நிமுந்து நடக்குறவ."

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "சரிங்கத்தை. காட்டுமாட்டையே எழுதிர்றேன்" என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டுக்காரி படியேறி வந்தாள். இடது கையில் ஒரு புது பாட்டில்.

"மதினி, எத்தன மூடி? வெரசா சொல்லுங்க. பனி வெலகிருச்சு, சோலி கெடக்கு."

வாங்கித் தூக்கிப் பிடித்தேன். சிவப்புக் கட்டம். மூடியைப் பார்த்தேன். அது பெரியதா சின்னதா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை, எதோடு ஒப்பிடுவது? ஒரு மூடி என்று சொல்லலாம். அரை மூடி என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அப்படியே ஊற்றிவிடுவாள். உதட்டை அசைக்கப் பார்த்தேன், அசையவில்லை.

வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்த மருமகளிடம் நீட்டினேன். "கண்ணு மங்கலாக் கெடக்கு. நீ படி." அது பொய்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் இங்கிலீஷ், கழுத்தில் மடித்து ஒட்டிய தாளில் எல்லா பாஷையும், எறும்புக் கால் போல எழுத்து. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் அவளாலேயே படிக்க முடிந்தது. வெகுநேரம் ஆயிற்று.

"எக்டேருக்கு இத்தன மில்லின்னுதான் போட்டிருக்குங்கத்தை. மூடிக் கணக்கு எங்கயுமே இல்ல. அப்ப நீங்க எதப் பாத்து ரெண்டு மூடின்னு சொல்வீங்க?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கீழ்வீட்டுக்காரியும் என் முகத்தைப் பார்த்தாள். கடைக்காரர் சொன்னார் என்று அவர் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தச் சிவப்புக் கட்டம் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"எதையும் பாக்கல. எனக்கு வாசிக்க வராது" என்றேன்.

கீழ்வீட்டுக்காரி சிரித்தாள். "போங்க மதினி. ஊருக்கே வாசிச்சவங்க நீங்க."

"ஒனக்கு அன்னைக்கும் வாசிக்கல புள்ள. அந்த மூடி பெருசு. நான் கவனிக்கல."

சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் இருந்தது. பிறகு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். மருமகளிடமிருந்து பாட்டிலை வாங்கி இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று அவள் மருந்து அடிக்கவில்லை. அவள் வாசலில் டேங்கு கவிழ்ந்து கிடந்ததை மேலே இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் படியேறி வரவேயில்லை.

மத்தியானம் மருமகளிடம், "நோட்டுல காட்டுமாட்ட அடிச்சிட்டுப் பாட்டிலப் பத்தியே எழுது" என்றேன்.

"வேணாங்கத்தை. விட்ருவோம்."

"எழுதுன்னா எழுது. மொத வீடு நம்ம வீடு. கேளு."

தயங்கித் தயங்கிக் கேட்டாள். யார் படித்துச் சொன்னது? யாருமில்லை. எத்தனை மூடி? இரண்டு. நான் சொன்னதை அப்படியே எழுதினாளா என்று விரலை வைத்துப் பார்த்தேன். 'இரண்டு' என்பது மட்டும் படிக்க வந்தது.

தலைப்புக்குக் காலேஜில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இந்த ஒரு மாதத்தில் மற்ற எல்லா வீடுகளிலும் கேட்டு முடித்துவிட்டாள். வேண்டுமென்றே கீழ்வீட்டைத் தள்ளித் தள்ளிப் போடுகிறாள், எனக்குத் தெரியாதா? இனி அந்த ஒரு வீடுதான் பாக்கி. நாளைக் காலையில் போகிறாள்.

"நீங்க வீட்ல இருங்கத்தை, நான் மட்டும் போயிக் கேட்டுக்கிறேன்" என்கிறாள்.

நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்காக இன்னொருத்தி அந்த வாசலில் நிற்பது எனக்குப் பிடிக்காது. அந்தக் கை எப்போதிலிருந்து ஆடுகிறது என்று இவள் கேட்பாள். அவள் பதில் சொல்லும்போது நான் எதிரில் இருக்க வேண்டும். பன்னிரண்டு படிதான். மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். இதையும் எழுது என்கிறேன்.