சொல்லிக்கொண்டு கிளம்பிய மெஷின்

நாகஜோதி அக்கா எழுதுவதை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை. இராஜபாளையத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருக்கும் எங்கள் சாப்ட்வேர் ஆபீசில், ஏஐ ஏஜென்ட்டுகளுக்கு விளக்கம் எழுதுவதுதான் அவர் வேலை. எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர் எழுதிவைத்தால், அந்த புரோகிராம்கள் வரி விடாமல் படித்து அப்படியே செய்யும். சொன்னதை அப்படியே செய்கிறவர்கள் எங்கள் ஆபீசில் வேறு யாரும் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்கா இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. முதலாளி தவசிமுத்து சார், "பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே இழுத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இந்த வேலை வேண்டும். மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் நேரம் மட்டும்தான் தன்னை யாரும் எதுவும் கேட்காமல் இருக்கிறார்கள் என்பார். அதை அவர் சிரிக்காமல்தான் சொல்வார்.

கடைசியாக அவரிடம் வந்தது, விர்ச்சுவல் மெஷினை அணைக்கும் கருவி. விர்ச்சுவல் மெஷின் என்றால், எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வேலை செய்ய வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர். ஓடுகிற வரைக்கும் வாடகை ஏறும். ஏஜென்ட் வேலையை முடித்ததும் அதை அணைத்துவிட வேண்டும். விளக்கம் எழுத நாலு வரி போதும்.

அக்கா நாலு பக்கம் எழுதினார். காரணம் அவர் வீட்டுக்காரர் விஜயபாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காதுகுத்து வீட்டில் பெரிய அத்தையிடம் சொல்லிக்கொள்ளாமல் அவர் கிளம்பிவிட்டார். அத்தை இன்றுவரை அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தக் காயத்தோடு அக்கா எழுதினார்: 'அணைப்பதற்கு முன் மெஷினில் இருக்கும் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லவும். இருக்கச் சொன்னால் தட்டாமல் இருந்துவிட்டு, மறுபடி கேட்கவும். பதில் வராவிட்டால், காதில் விழவில்லை என்று எண்ணி மறுபடியும் கேட்கவும்.'

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏஜென்ட் வேலையை முடித்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பியது: 'நான் கிளம்பட்டுமா?' சரி என்றேன். அடுத்து புரோகிராம் எழுதும் ஜோவிடம் கேட்டது. ஜோ எதற்கும் "செத்த நேரம் இரு" என்கிற ஆள். ஏஜென்ட்டிடமும் அதையே சொல்லிவிட்டு வடை தின்னப் போய், அப்படியே வீட்டுக்கும் போய்விட்டான். ஏஜென்ட் சனி, ஞாயிறு முழுக்க ஆளில்லாத ஆபீசில் மரியாதையாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தது. மெஷினும் ஓடிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை வாடகையைப் பார்த்த சார் கத்தினார். "இது என்ன கல்யாண வீடாம்மா? வேலை முடிஞ்சா அணைக்கணும், அம்புட்டுதான்! மாத்தி எழுதுங்க. இல்லன்னா நாளைக்கு வர வேண்டாம்."

ஜோவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலு பக்கத்தையும் அழித்துவிட்டு ஒரே வரி எழுதினார்: 'வேலை முடிந்ததும் யாரிடமும் கேட்காமல் உடனே அணைக்கவும்.'

மத்தியானம் ஏஜென்ட் வேலையை முடித்தது. அணைத்தது. அதே மெஷினில்தான் சார் காலையிலிருந்து ஒரு பெரிய கஸ்டமருக்குத் திட்ட அறிக்கை தயார் செய்துகொண்டிருந்தார். சேமித்து வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

சார் அறைக் கதவு திறந்தது. அக்காவின் கதை முடிந்தது என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். சார் கத்தவில்லை. பந்தியில் பாதியில் இலையை எடுத்துவிட்டது போல நின்றார்.

"போயிருச்சும்மா," என்றார். "ஒரு வார்த்தை சொல்லல. சொல்லிட்டுப் போனா என்ன கொறஞ்சா போகும்?"

நான் சிரிப்பை அடக்க மேஜைக்கடியில் குனிந்து செருப்பைத் தேடினேன். செருப்பு காலில்தான் இருந்தது.

"பழசயே போட்ருங்க," என்றார் சார்.

"பழசு வேண்டாம் சார்," என்றார் அக்கா. "ஒரு தடவ எல்லாருக்கும் சொல்லும். யாராவது இருன்னா பத்து நிமிசம் இருக்கும். பதில் வரலைன்னாலும் அதே பத்து நிமிசம்தான். பொறவு திறந்து கிடக்கிறத எல்லாம் சேமிச்சு வச்சுட்டுக் கிளம்பிரும்."

"நான் மறுபடியும் இருன்னா?"

"அது விருந்துக்கு வரல சார். வேலைக்கு வந்தது."

சார் யோசித்தார். தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனவர், வாசலில் நின்று திரும்பினார். "நாளைக்கு வருவீங்கள்ல?"

"உங்க மெஷினை இருன்னு சொல்ல ஆபீஸ் முழுக்க ஆள் இருக்கு," என்றார் அக்கா. "என்னைய இன்னும் யாரும் சொல்லல சார்."

ஜோகூட டைப் அடிப்பதை நிறுத்தினான்.

"இருங்கம்மா," என்றார் சார்.