மீன் வெடுக்கடிச்ச புத்தகம்

ஆரையும் ஏசுறதெண்டா எனக்குத் தண்ணி பட்ட பாடு. என்ரை மனிசி யூலிற்றாவைக் கேளுங்கோ, சொல்லுவா. வலை கிழிஞ்சாலும் ஏச்சு, தேத்தண்ணி ஆறினாலும் ஏச்சு. முல்லைத்தீவுக் கரையிலை மரியநேசன்ரை வாய் எண்டா எல்லாருக்கும் தெரியும். அந்த வாய் ஒருநாள் திறக்கவேண்டிய இடத்திலை திறக்கேல்லை.

எனக்கு நாற்பத்தெட்டு வயசு. எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டிட்டுக் கடலுக்கு இறங்கினவன். பேப்பரிலை காலநிலையும் மரண அறிவித்தலும் பாப்பன், அவ்வளவுதான். மூத்தவள் பிரேமினி இந்தமுறை ஓ.எல். சோதினை எடுக்கிறாள். போன ஐப்பசியிலை ஒருநாள் கலண்டர் தாளாலை உறை போட்ட புத்தகமொண்டை வைச்சு வலு கவனமாய் வாசிச்சுக்கொண்டிருந்தாள். விஞ்ஞானம் படிக்கிறாள் எண்டு எனக்குப் பெருமை. கிட்டப் போய்ப் பாத்தால் கதைப் புத்தகம்!

"ஏனடி, சோதினைக்கு உதோ வரும்?"

"இது இளையோர் நாவல் அப்பா. எங்கடை வயசுக்காரருக்கெண்டு எழுதினது. வாசிகசாலையிலை கஜனி மிஸ் இதுக்குத் தனித் தட்டே வைச்சிருக்கிறா. சனிக்கிழமையிலை கூடியிருந்து கதைக்கிறனாங்கள். ரெண்டு கிழமையாலை நான்தான் இதைப்பற்றிக் கதைக்கவேணும்."

"வயசு போட்டுக் குடுக்கிறதுக்கு உதென்ன, பால்மாப் பெட்டியோ?" எண்டு பறிச்சன். திருப்பிக் குடுக்கிற நாளிலை தருவன் எண்டு சொன்னன்.

புத்தகத்தை வாடியிலை, வலையும் எஞ்சினும் வைக்கிற கொட்டிலிலை போட்டன். அடுத்தநாள் வலையிலை இருந்து மீன் கழட்டி முடிய, என்னோடை தொழிலுக்கு வாற அன்ரன் சோறெடுக்கப் போனநேரம், உதிலை அப்பிடி என்னதான் எழுதிக்கிடக்கு எண்டு பிரிச்சன். பதினைஞ்சு வயசுப் பெட்டை ஒண்டு. தேப்பன் அவளின்ரை சிநேகிதியளுக்கு முன்னாலை கண்டபடி ஏசிப்போட்டான். அண்டையிலை இருந்து அவள் தேப்பனோடை கதைக்கிறேல்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் அவள் மனதுக்குள்ளை கதைக்கிற கதை இருக்கே, ஐயோ! பிள்ளையள் உப்பிடியெல்லாம் யோசிக்குங்களோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!

அதுக்குப்பிறகு ஒவ்வொரு நாளும் மீன் கழட்டுறதும், கையைச் சாரத்திலை துடைச்சுப்போட்டு நாலு பக்கம் வாசிக்கிறதும்தான். ஞாயிறு எங்கடை ஆக்கள் கடலுக்குப் போறேல்லை. பூசை முடிய, வலை தைக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டன். ஞாயிற்றுக்கிழமையிலை என்ன வலை எண்டு யூலிற்றா கேட்டா. அவாவுக்கும் ஏச்சுத்தான்.

அன்ரனுக்கு அந்தக் கதையை, தெரிஞ்ச குடும்பத்திலை நடந்ததெண்டு சொல்லிக்கொண்டு வந்தன். படகிலை ஏறமுதலே கேப்பான்: "அண்ணை, அந்தப் பெட்டை தேப்பனோடை கதைச்சிட்டாளோ?"

"இன்னும் இல்லையடா."

"அந்தாள் போய் ஒரு சொல்லு மன்னிப்புக் கேட்டால் என்ன குறைஞ்சே போவான்?"

"தேப்பன்மார் கேப்பினமோடா!" எண்டு கத்தினன். எனக்கு ஏன் கோவம் வந்ததெண்டு அவனுக்கு விளங்கேல்லை.

கடைசி அத்தியாயம் வாசிக்க முதல் அந்தச் சனிக்கிழமை வந்திட்டுது. "இந்தா, கொண்டுபோய்க் குடு" எண்டு நீட்டினன். நானே மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டும் போனன். அவள் உள்ளை போக, நான் ஹெல்மெற்றோடை யன்னலடியிலை நிண்டன். அந்தக் கதையைப்பற்றி என்ன கதைக்குதுகள் எண்டு கேக்க ஆசை.

கஜனி மிஸ் புத்தகத்தை விரிச்சா. முகம் சுளிஞ்சுது. "இதென்ன பிள்ளை, பக்கத்துக்குப் பக்கம் மீன் செதில்? வெடுக்கு நாறுது! ஆர் இப்பிடிச் செய்தது?"

கடைசி வாங்கிலை இருந்த ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். "கடற்கரையிலை இருந்து வாற புத்தகம் பின்னை எப்பிடி மணக்கும்?" எண்டு ஆரோ சொல்ல, கொல்லெண்டு சிரிப்பு.

என்ரை பிள்ளை எழும்பினாள். "நான்தான் மிஸ். மீன் வெட்டிக்கொண்டு வாசிச்சனான்."

"அப்ப நத்தார்ப் பண்டிகை வரும்வரைக்கும் உமக்குப் புத்தகமில்லை. இண்டைக்குக் கதைக்கவும் வேண்டாம். இரும்."

ரெண்டு கிழமையாய் எழுதித் திருத்தின தாளை அவள் மடிச்சுக் கொப்பிக்குள்ளை வைச்சாள்.

நான் உள்ளை போய், "அது நான். அவளிலை பிழையில்லை" எண்டு சொல்லியிருக்கவேணும். நாலு சொல்லு. வரேல்லை. பெட்டையின்ரை புத்தகத்தைக் களவாய் வாசிச்ச கிழவன் எண்டு சிரிப்பினமே எண்டு வெக்கம். பிள்ளை அவ்வளவு பேரின்ரை சிரிப்புக்கு நடுவிலை நிக்கிறாள், எனக்கு என்ரை மானம்! தூ, நானும் ஒரு தேப்பன். சத்தமில்லாமல் பின்னாலை நடந்து, இப்பத்தான் வந்தவன்மாதிரி மோட்டச்சைக்கிளடியிலை போய் நிண்டன்.

பின்னேரம் குசினியிலை தேத்தண்ணி தரேக்கை மெதுவாய்க் கேட்டாள்: "அப்பா, கடைசி அத்தியாயம் வாசிக்கேல்லைத்தானே? அதிலை மட்டும் செதில் இல்லை."

எனக்கு முகம் சுட்டுது. நிலத்தைப் பாத்தன்.

"மிஸ்ஸிட்டை நான்தான் எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் வாசிச்சதெண்டு சொல்ல எனக்கென்ன வெக்கம்? எனக்கு அது எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? உங்களுக்கு வெக்கமாயிருக்கும் எண்டுதான் சொல்லேல்லை."

நான் தேத்தண்ணியிலை ஒரு மிடறு குடிச்சன்.

"கொஞ்சம் சிரிச்சவைதான். பரவாயில்லை அப்பா. நீங்கள் அங்கை நிண்டிருந்தால் விட்டிருக்கமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

"ஓம் பிள்ளை" எண்டன்.