மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே

வலது காலில்தான் ஆரம்பித்தது. ஷூவுக்குள் சின்னக் கல் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். கழற்றி உதறினேன், ஒன்றும் விழவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தால் கல் அதே இடத்தில் இருந்தது, அடிப்பாதத்தில், மூன்றாவது விரலுக்கும் நான்காவது விரலுக்கும் நடுவே. கொஞ்ச நாளில் கல் நெருப்புக் கங்காக மாறியது. நின்றுகொண்டிருக்கும்போதே கரண்ட் அடித்தது போல இரண்டு விரல்களுக்குள்ளும் சுரீரென்று பாயும். ஷூவைக் கழற்றிக் காலைப் பிசைந்தால் தணியும். மாட்டினால் மறுபடியும் பாயும்.

சென்னையில் டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை தன் ஆட்களுக்காக நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ராயபுரத்தில் அம்மாவும் நானும் மட்டும் ஒரு வீட்டில் இருந்தோம். காலையில் பஸ் ஏறிப் போனால், திரும்பி வரும்வரை நின்றுகொண்டே செய்யும் வேலை. நர்ஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மேட்ரனுக்குப் பிடிக்காது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கொடுத்த அந்த ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைத் தோல், குவிந்த முனை, உயர்ந்த குதி. எல்லோருக்கும் ஒரே அச்சு. நீளம் மட்டும்தான் கேட்பார்கள். அகலம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அகலமான கால். அம்மா காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்துத் தலையில் கூடையோடு தெருத்தெருவாக விற்றவள். அவள் காலில் செருப்பை நான் பார்த்ததே இல்லை. மகள் வெள்ளை ஷூவும் வெள்ளை சாக்ஸுமாகப் பஸ் ஏறுவதைப் பார்க்க, காலையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள்.

“இன்னாடி, வூட்டுக்கு வந்ததும் கால தூக்கி வெச்சிக்கினு குந்திக்கிற?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“வலிக்குதும்மா.”

“கொளுத்தற வெயில்ல வெறுங்கால்ல நடந்தவ நானு. எனுக்கு வலிக்கல. ஷூ மாட்டிக்கினு நெழல்ல நிக்கிறவளுக்கு வலிக்குதா?”

திட்டிக்கொண்டே மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். சூடு பட்டதும் வலி இன்னும் எகிறியது. நான் காலை உதறியதில் மணல் மூட்டை சுவரில் போய் விழுந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

“வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. உனக்கு என்ன வயசு?”

“இருபத்தேழு, சார்.”

“கல்யாணம்?”

“இன்னும் இல்லை.”

பக்கத்தில் நின்ற கம்பவுண்டரைப் பார்த்துச் சிரித்தார். “அதான் விஷயம். நரம்புத் தளர்ச்சி. இந்த வயசுல தனியா இருக்கிற பெண்களுக்கு வர்றதுதான். டானிக் எழுதறேன். உங்க அம்மாவை மாப்பிள்ளை பார்க்கச் சொல்லு, கால் தானா சரியாயிடும்.”

கம்பவுண்டரும் சிரித்தான். வாசலில் காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அதே அறையில் எத்தனையோ தடவை அவருக்குப் பக்கத்தில் நின்று நான் டிரேயைப் பிடித்திருக்கிறேன். ஒரு தொழிலாளி நசுங்கிய விரலோடு வந்தால், அதைக் கையில் பிடித்து, திருப்பி, மடக்கிப் பார்ப்பார். என் காலை அவர் தொடவே இல்லை. டானிக் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். மூடியையும் அதன்மேல் வீசி எறிந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் வார்டில் ஊசி டிரேயோடு போய்க்கொண்டிருந்தபோது வலி பாய்ந்து கால் மடங்கிவிட்டது. டிரே தரையில் விழுந்து ஊசிகள் கட்டிலடியில் சிதறின. கை வெந்து கட்டுப் போட்டிருந்த ஒரு தொழிலாளி கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னா சிஸ்டர், கால்ல ஏதாவது குத்திகிச்சா? குந்து நீ, குந்து. நான் ஆளைக் கூப்புடறேன்.”

அந்த வலியில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் உட்கார்வதற்குள் மேட்ரன் வந்துவிட்டாள். உடைந்த கண்ணாடி ஊசிகளைப் பற்றித்தான் கேட்டாள். எல்லாவற்றையும் பொறுக்கி, தரையைத் துடைத்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர முடிந்தது.

அடுத்த லீவு நாளில் டிராம் ஏறி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. வெளி நோயாளிகளின் வரிசையில் நின்றேன், அங்கேயும் நிற்பதுதான். அங்கிருந்த சர்ஜன் அவசரக்காரர். என் பெயரைக்கூட கேட்கவில்லை. காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரு கையால் இறுக்கி, மறு கையின் கட்டைவிரலால் அந்த இடத்தை அடியிலிருந்து அமுக்கினார். உள்ளே ‘டக்’ என்று ஏதோ பிசகியது. நான் கத்தின கத்தலில் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

“இங்கதான்,” என்றார். கீழே கிடந்த என் ஷூவைக் கையில் எடுத்தார். “இதை யார் உன் தலையில கட்டினது?”

“வேலை செய்யற ஆஸ்பத்திரில, சார்.”

“ரெண்டு எலும்புக்கு நடுவுல நரம்பு மாட்டி நசுங்குது. நசுங்கி நசுங்கிப் பருத்துப் போச்சு. அறுத்து எடுத்துடலாம். ஆனா அந்த ரெண்டு விரலும் மரத்துப் போகும். சில பேருக்கு வலி திரும்பியும் வரும். அறுக்காம ஒரு தரம் பார்ப்போமா?”

பருத்துப் போச்சு என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அங்கே ஒன்று இருக்கிறது. கையால் தொட்டால் தட்டுப்படுகிற ஒன்று. கல்யாணமாகாததால் வந்தது இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பெரிய டாக்டரின் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அறுக்காத வைத்தியம் இதுதான்: அகலமான, தட்டையான ஷூ. அதற்குள் கம்பளி போன்ற கெட்டித் துணியில் வெட்டிய ஒரு சின்னத் திண்டு. திண்டை வலிக்கிற இடத்தில் வைக்கக் கூடாது. அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் எலும்புகள் விலகி நரம்புக்கு இடம் கிடைக்கும். வாரம் ஒரு தடவை மரத்துப்போகச் செய்யும் மருந்தைப் பாதத்தின் மேல்புறமாக விரலிடுக்கில் ஊசி போடுவார்கள். குளிர்ந்த தண்ணீரில் காலை வைக்க வேண்டும். அதிக நேரம் நிற்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை; அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

முதல் ஊசி போட்டுக்கொண்டபோது கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்துவிட்டது. ஆனால் திரும்பி வரும் டிராமில் கால் அமைதியாக இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் காலை நான் மறந்து, ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தேன். ராயபுரம் வரும்வரை அந்த சுகம் இருந்தது. மறுநாள் காலை அந்த வெள்ளை ஷூவை மாட்டினேன். மதியத்துக்குள் கங்கு திரும்ப வந்துவிட்டது.

மூர் மார்க்கெட்டில், பையன்கள் விளையாடப் போடும் அகலமான வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒன்றை வாங்கி, திண்டை உள்ளே ஒட்டி, மேட்ரனிடம் எடுத்துப் போனேன். சர்ஜன் சொன்னதைச் சொன்னேன்.

“இது ஆர்டர்லிப் பையன் போடற ஷூ,” என்றாள். “உனக்கு ஒருத்திக்கு விட்டா, நாளைக்கு எல்லாரும் வீட்டுச் செருப்புல வந்து நிப்பாங்க. முப்பது வருஷமா இதே மாதிரி ஷூதான் நானும் போடறேன். எனக்கு வலிக்கலையே?”

அம்மா சொன்ன அதே பேச்சு. தனக்கு வலிக்காதது வேறு யாருக்கும் வலிக்கக் கூடாது. அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு அவள் போட்ட சோற்றைச் சாப்பிடலாம். மேட்ரனிடம், “சரிங்க மேடம்,” என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்த ‘சரி’யை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது.

அப்புறம் வாரக்கணக்கில் ஒரு பைத்தியக்காரத்தனம் நடந்தது. லீவு நாளில் ஊசி போட்டுக் காலை ஆற்றுவேன். மற்ற நாட்களில் அதே காலை அந்தத் தோலுக்குள் திணித்துக் கெடுப்பேன். திண்டை வெள்ளை ஷூவுக்குள் வைத்துப் பார்த்தேன். இருந்த கொஞ்ச இடமும் போய், இன்னும் மோசமானது. சர்ஜன் எரிந்து விழுந்தார். “சொன்னதைச் செய்யறியா இல்லையா? செய்யலைன்னா எதுக்கு வந்து என் நேரத்தை வீணாக்கறே?” அவரிடம் என்ன சொல்வது? வைத்தியம் தெரிந்தவருக்கு என் வேலை தெரியவில்லை. என் வேலை தெரிந்தவர்களுக்குக் கால் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, டிரெஸ்ஸிங் அறையில் பேண்டேஜ் வெட்டும் கத்தரியை எடுத்தேன். வலது ஷூவைக் கழற்றி, சுண்டுவிரல் பக்கத்துத் தோலை முனையிலிருந்து பாதி வரை வெட்டி எறிந்தேன். தோல் கெட்டி, கத்தரியின் வாய் மழுங்கிவிட்டது. திண்டை உள்ளே வைத்து மாட்டினேன். விரல்கள் வெளியே பிதுங்கி நின்றன. வார்டுக்குள் நடந்தேன். வலி இருந்தது, ஆனால் பாயவில்லை.

மேட்ரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். “கம்பெனி கொடுத்த ஷூவை வெட்ட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?”

“அப்ப நீங்களே வெச்சிக்கங்க,” என்றேன். இரண்டு ஷூவையும் கழற்றி அவள் மேஜைமேல், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். சாக்ஸையும் உருவி மேலே போட்டேன். வெறுங்காலோடு வார்டுக்குத் திரும்பி வெந்த காயங்களுக்கு மருந்து போட ஆரம்பித்தேன். சிமெண்டுத் தரை ஜில்லென்று குத்தியது. இன்னொரு சிஸ்டர் அங்கே படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரிய டாக்டர் ஆள் அனுப்பினார். போனேன். மேட்ரனும் அங்கே நின்றாள்.

“இதுக்குப் பேர் ஹிஸ்டீரியா,” என்று அவளிடம் சொன்னார், நான் அங்கே இல்லாத மாதிரி.

பெரியவர்கள் முன்னால் காலை நீட்டி உட்காரக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அந்த அறையில் நோயாளி உட்காரும் நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டேன். வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

“இந்த இடத்துல கட்டைவிரலை வெச்சு அமுக்குங்க, சார். ஒரு தடவை அமுக்கிப் பார்த்துட்டு அப்புறம் பேரு வைங்க.”

“காலை எடு!” என்று மேட்ரன் கத்தினாள்.

“அவர் பார்க்கட்டும், எடுக்கறேன். இத்தனை மாசமா இந்தக் காலைத் தொடாமலே வைத்தியம் சொல்லிட்டிருக்காரு.”

அவர் முகம் கறுத்துவிட்டது. கைகளை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். தொடவில்லை. நான் காலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். 

வேலை போய்விடும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 

“டாக்டரு மூஞ்சிக்கு நேரா காலத் தூக்கி வெச்சியா?”

“நாற்காலியிலதான் வெச்சேன்.”

“நல்லா வெச்ச போ,” என்றாள். பிறகு உடனே, “சோறு துன்ன வா. நாளைக்கு இன்னா பண்றதுன்னு நாளைக்குப் பாக்கலாம்,” என்றாள்.

வேலை போகவில்லை. அந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் கிடைப்பது லேசில்லை. தொழிற்சாலை கேட்டுக்குப் பக்கத்தில், ஷிப்டுக்குப் போகும் ஆட்களுக்கு மருந்தும் கட்டும் போடும் ஒரு தகர அறை இருந்தது. என்னை அங்கே மாற்றினார்கள். பார்வையிட வரும் பெரிய மனிதர்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதனால் கேன்வாஸ் ஷூ போடலாமாம். தண்டனையாகத்தான் அனுப்பினார்கள், ஆனால் அங்கே ஒரு பெஞ்சு இருந்தது, உட்கார முடிந்தது. ஊசியும் தொடர்ந்தது. இரண்டு மூன்று மாதத்தில் கங்கு மறுபடி கல்லானது. மழைக்காலம் முடிவதற்குள் கல்லும் பெரும்பாலும் போயிற்று. சர்ஜன் ஒரு நாள் அமுக்கிப் பார்த்து, “கத்தி தேவையில்லை, இனிமே வராதே,” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. லீவு கேட்கப் போனபோது பெரிய டாக்டர் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: “பார்த்தியா? மாப்பிள்ளை வந்தாரு, கால் வலி பறந்துடுச்சு. நான் அப்பவே சொல்லலே?” அறை முழுக்கச் சிரித்தது. கால் சரியானபோது மாப்பிள்ளை என்று ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர்கள் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. இதை எழுதும் இந்த வயதிலும் அந்தச் சிரிப்பு என்னை விட்ட பாடில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் அங்கே வேலை பார்த்தேன். ஒரு சாயங்காலம், அன்றைக்கு விரிப்பு மடித்துக்கொண்டிருந்த அந்த சிஸ்டர் தகர அறைக்கு வந்தாள். வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்தாள்.

“அந்த ஷூ எங்கே வாங்கினே?”

அவள் ஷூவைக் கழற்றச் சொல்லிக் காலை அமுக்கிப் பார்த்தேன். அதே இடம். உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிரச் சத்தம் போடவில்லை. இரண்டு காலிலும் இருந்தது.

“எவ்வளவு நாளா?”

“உனக்கு வர்றதுக்கு முன்னாலேர்ந்தே.”

எனக்கு வந்த கோபத்தில் அவள் காலைக் கீழே போட்டுவிட்டேன். “அன்னிக்கு நீயும் வாயைத் திறந்திருந்தா என்னவாம்?”

“எங்க வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்,” என்றாள்.

“எங்க வீட்டுல மட்டும் பத்துப் பேரா சம்பாதிச்சாங்க?”

கீழே போட்ட காலை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடை இருக்கும் இடத்தைச் சொன்னேன். திண்டை எங்கே வைப்பது என்று அவள் உள்ளங்காலில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். வாங்கினாள். வீட்டில் மட்டும் போட்டுக்கொள்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. நான் வேலையை விட்ட நாளில் என்னை வழியனுப்ப வாசல் கேட் வரை வந்தாள், அதே வெள்ளைத் தோல் ஷூவில், ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு.