வாசல் நிலையில் வேப்பிலை

என் உடம்பில் அம்மைத் தழும்பு ஒன்றுகூடக் கிடையாது. இடது புஜத்தில் அம்மை குத்திய வடு மட்டும் இருக்கிறது. அந்த நாளில் நான் காட்டிய துணிச்சல் முழுவதும் அந்த வடுவிலிருந்து வந்தது. அதைப் பகுத்தறிவு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

யுத்த காலத்தில் நான் பெரம்பலூரில் வாத்தியார். திருச்சியில் பி.ஏ. படித்தவன், அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வேன். மனைவிக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அவள் அரியலூரில் தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே தெருவுக்குத் தெரு பெரியம்மை. இப்போது கூட்டிவர வேண்டாம் என்று மாமனார் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு எங்கள் ஊருக்கும் வந்தது. அம்மை குத்துகிறவர் எனக்குக் குத்திவிட்டு, பிள்ளைத்தாய்ச்சி என்று அவளை விட்டுவிட்டுப் போனார்.

அவள் தன் பாட்டுக்கு ஏற்பாடுகளைச் செய்தாள். என் பழைய வேட்டிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, கிழித்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். சுக்கு, கருப்பட்டி வாங்கினாள். குளித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று மருத்துவச்சியிடம் பேசி வைத்தாள். ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பினால், எங்கள் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அம்மை கண்ட வீட்டின் அடையாளம். பதறிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. வேப்பிலையப் பாத்தா ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்கல்ல? புள்ள பொறக்குற வரைக்கும் இருக்கட்டும்."

தினமும் மாலையில் என்னோடு சீட்டாட வரும் மூன்று வாத்தியார்கள் அன்று வாசலோடு திரும்பிப் போனார்கள். மறுநாள் பள்ளியில் ஒருவர் ஆரம்பித்தார்.

"என்ன சார், வூட்டுல ஆத்தா வந்திருக்காளாமே?"

"அதெல்லாம் இல்ல. சும்மா செருகியிருக்கு."

"சும்மாவா! அப்ப பி.ஏ. வேப்பிலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டிருக்காருன்னு சொல்லுங்க!"

மற்ற இருவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. வீட்டுக்கு வந்ததும் கொத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.

"படிச்சவன் வீட்டுல என்ன இந்த அசிங்கம்?"

"உங்க சிநேகிதங்க வேப்பிலைக்குத்தாங்க பயப்படுவாங்க. வராதீங்கன்னு நான் சொன்னா கேப்பாங்களா?"

நான் சீட்டுக்கட்டைத் தேடினேன்.

அன்று மாலையே மூவரும் வந்தார்கள். நிறைவயிற்றோடு அவள் காப்பி கொடுத்தாள், டம்ளர்களை எடுத்துக் கழுவினாள். என்னை முதலில் கேலி செய்தவரின் மகனுக்கு அம்மை போட்டிருந்த விஷயம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் சிரிப்புக்குப் பயந்து அவர் வாசலில் எதையும் செருகவில்லை. விஞ்ஞானம் பேசிய நான்கு பேரில் ஒருவனுக்காவது மூளை இருந்ததா என்று இன்றும் தேடுகிறேன்.

இரண்டு வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முகத்தில் முதல் முத்து தெரிந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"போய் வேப்பிலை ஒடிச்சாந்து செருகுங்க. இப்ப பொய்யில்ல."

செருகினேன். காய்ச்சலிலேயே பிரசவம் ஆனது. பெண். அழவில்லை. அவள் மடித்து வைத்திருந்த துணிகளில் ஒன்றில்தான் அந்தக் குழந்தையைச் சுற்றினேன். துக்கம் கேட்க என் சிநேகிதர்கள் ஒருவரும் வரவில்லை. வேப்பிலை நன்றாகவே வேலை செய்தது.

அவள் பிழைத்தாள். சில வருஷம் கழித்து மறுபடியும் உண்டானாள். ஊரில் ஒரு நோயும் இல்லாத நேரம். மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லாத நான் ஒரு கொத்து ஒடித்து வந்து, அவள் பார்க்கும்படி நிலையில் செருகினேன். அவள் அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

"படிச்சவங்க வூட்டுல என்னங்க இந்த அசிங்கம்?" என்றாள்.