பதினாலாம் சாட்சி

மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் என்றால் எல்லாரையும் நடுங்க வைக்கிற ஆள் என்று என் மனைவி நினைக்கிறாள். அந்த அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளனாகப் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். இப்போதிருக்கும் மேடம் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களைப் பழைய கோப்புக் கட்டின் மேல் தூக்கி வைத்திருப்பது எனக்குத்தான் தெரியும்.

மேல்முறையீடுகளெல்லாம் அவரிடம்தான் வரும். எதை எதிர்ப்பது, எதை எந்த உதவி வழக்கறிஞரிடம் தள்ளுவது என்று அவர் எழுத வேண்டும். நாளொன்றுக்கு முப்பது கோப்பு. அவர் முகத்தில் சலிப்பைத் தவிர வேறெதையும் பார்த்து வெகு நாளாகிறது.

அன்று ஒரு கோப்பில் நின்றுவிட்டார். கொலை வழக்கு. ஆலைத் தொழிலாளி ஒருவனுக்கு ஆயுள் தண்டனை, உள்ளே போய்ப் பதினோரு வருடம். சம்பவ நேரத்தில் அவன் ஆலைக்குள் இருந்ததாகக் காவலாளி போலீசிடம் சொல்லியிருந்தார். அவர்தான் பதினாலாம் சாட்சி. அவரைக் கூண்டில் ஏற்றவே இல்லை. 'இந்தச் சாட்சி தேவையில்லை' என்று ஒரு தாள். அதன் கீழிருந்த கையெழுத்தை நான் தினமும் பார்க்கிறேன்; அன்று விசாரணை நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தது மேடம்தான்.

"பேரை மட்டும் பார்த்தேன். என்ன சொல்லியிருக்காருன்னு படிக்கவே இல்லை," என்றார்.

"வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாமே, மேடம்."

"கொடுத்தா எதிர்த்து வாதாடுவாங்க. ஜெயிச்சும் தொலைப்பாங்க. நானே போறேன்."

மறுநாள் உயர்நீதிமன்றத்தில் எழுந்து, இந்தத் தண்டனையை அரசுத் தரப்பு ஆதரிக்கவில்லை என்றார். சாட்சியைக் கைவிட்டது யார் என்று நீதிபதி கேட்டார். "நான்தான்," என்றார்.  தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அவனை விடுதலை செய்தார்கள்.

தாழ்வாரத்தில் அவனுடைய மனைவி நின்றிருந்தாள். மேடம் நேராக அவளிடம் போனார்.

"அன்னைக்கு அந்தக் காவலாளி வேண்டாம்னு எழுதினது நான்தாம்மா."

"தெரியும்மா. பின்னாடி பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். நீங்க கடிகாரத்தைப் பார்த்தீங்க. அப்புறம்தான் எழுதினீங்க."

 "அப்போ என் பையனுக்கு ஸ்கூல் விடுற நேரம்," என்றார் மேடம்.

"என் பையனுக்கும்தான்," என்றாள் அவள். "அதுவரைக்கும் அவனைக் கூட்டிட்டு வந்துட்டிருந்தது அவங்கப்பாதான்."