படத்துக்குப் பின்னால் ஒரு ஊர்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் காளியம்மாள் பிரேம் கடை என்றால் யாரும் வழி காட்டுவார்கள். முருகன் படம், கல்யாணப் படம் எல்லாம் பேருக்குத்தான். அந்தக் கடைக்குச் சோறு போடுவது செத்தவர்கள். அப்பா போய்விட்டார், காரியத்துக்குள் படம் வேணும் என்று செல்போனை நீட்டுவார்கள். பக்கத்து ஸ்டுடியோக்காரன் ஆதார் அட்டை முகத்தைப் பெரிதாக்கி, கோட்டு மாட்டி, பின்னால் நீல வானம் வைத்து அச்சுப் போட்டுத் தருவான். காளியம்மாள் சட்டம் போட்டு, கண்ணாடி மேல் நெற்றி பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு கும்பிடு போட்டுத்தான் கையில் கொடுப்பாள்.

பொம்பளைக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஊத்தங்கரைப் பக்கம் பிறந்தவள், சென்னப்பனைக் கட்டிக்கொண்டு ஓசூர் வந்தாள். அவன் சூளகிரியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது ஹைவேயில் லாரி தட்டிவிட்டது. பிள்ளைகுட்டி இல்லை. அவன் போட்டோவுக்கு அவளே சட்டம் போட்டாள், அவளே பொட்டு வைத்தாள்.

செத்தவன் கனவில் வருவான் என்று காத்திருந்தாள். வரவில்லை. வருஷங்கள் ஓடின, ஒரு தடவைகூட வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தினமும் காலையில் படத்துக்குப் பூ வைக்கும்போதே, "அப்படி என்னய்யா என்மேல கோவம்" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவாள்.

கூடவே மாடியில் குடியிருந்த பையன்களோடு ஒரு சண்டை. சாயந்திரம் வீடு திறந்தால் உள்ளே லேத்தில் ஊற்றுகிற கூலண்ட் ஆயில் வாசனை குப்பென்று அடிக்கும். யூனிபார்மை அலசாமல் காயப் போட்டு என் வீட்டை நாறடிக்கிறீர்கள் என்று கத்துவாள். அந்த ஆனந்தும் ஜெகதீஷும் பாவம், நாங்கள் பிஸ்கட் கம்பெனி அக்கா, ஆயிலுக்கு எங்கே போவோம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அவள் நம்பினால்தானே!

இனி கடையில் இருந்த இங்கிலீஷ் படங்களின் கதைக்கு வருவோம். ஜூஜுவாடியில் ஆஞ்சப்பனுக்குக் காயலான் கடை. பெங்களூரில் பழைய பங்களா இடித்தால் சாமான் அவனிடம்தான் வந்து இறங்கும். தேக்குச் சட்டத்துக்காகக் காளியம்மாள் அவனிடம் பழைய படங்களை வாங்குவாள். உள்ளே வெள்ளைக்காரன் ஊர்ப் படம் இருக்கும். கெட்டித் தாள், பூச்சி அரிக்காது. அட்டை தீர்ந்துபோன நாட்களில், செத்தவர் போட்டோவுக்குப் பின்னால் அதையே வைத்து ஆணி அடித்துவிடுவாள். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?

ஆஞ்சப்பன்தான் ஒருநாள் பதறினான். அதெல்லாம் கல்லில் வரைந்து அச்செடுத்தது, நூறு வருஷத்துக்கும் மேலே ஆனது, பெங்களூரில் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்றான். அப்புறம்தான் அவள் உற்றுப் பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்த கல் வீதி. ஆத்து மேலே வளைவு வளைவாய்ப் பாலம். புகை விடும் கூரை. கீழே ஊர்ப் பேர். எழுத்துக் கூட்டி டர்ஹாம், லட்லோ என்று படித்தாள். அன்றையிலிருந்து பைத்தியம் பிடித்த மாதிரி சேர்க்க ஆரம்பித்தாள். கடைச் சுவர் முழுக்க இங்கிலாந்து. வேலை இல்லாத மத்தியானங்களில் அந்தத் தெருக்களில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அத்தனை பேரும் அவளுக்கு அக்கம்பக்கத்து ஜனம்போல ஆகிவிட்டார்கள்.

ஒருநாள் ராஜலட்சுமி வந்தாள். அவள் அப்பா பாஸ்கரனுக்குச் சட்டையில்லாமல் தோளில் துண்டோடு எடுத்த போட்டோதான் இருந்தது; கோட்டு மாட்டாமல் அப்படியே இங்கேதான் சட்டம் போட்டது. அழுதழுது ராஜலட்சுமி முகமெல்லாம் வீங்கியிருந்தது. அப்பா கனவில் வந்துகொண்டே இருக்கிறார் என்றாள். ஏதோ ஒரு கல் பாலம், கீழே ஆறு, மேட்டில் பெரிய சர்ச். தூறல். அப்பா சட்டையில்லாமல் தோளில் துண்டோடு நிற்கிறார். குளிருதும்மா, இங்கே யாரும் நம்ம பாஷை பேசமாட்டேங்கறாங்க என்று அழுகிறார்.

காளியம்மாளுக்கு எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. அது டர்ஹாம். சேர்க்க ஆரம்பித்த பிறகும் ஒருநாள் அட்டை இல்லாத அவசரத்தில் அந்தப் படத்தைத்தான் பாஸ்கரன் முதுகுக்குப் பின்னால் வைத்து ஆணி அடித்திருந்தாள். கண்ணாடி மங்கிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று பொய் சொல்லிப் படத்தை வாங்கினாள். ஆணியைப் பிடுங்கித் தாளை உருவினாள். அன்றைக்கு அந்தப் பாலத்தில் கூடைக்காரி ஒருத்தியும் ஒரு நாயும்தான் நின்றதாக ஞாபகம். இப்போது கைப்பிடிச் சுவரோரம் ஒரு ஆள் இருந்தான். வெற்று மார்பு, தோளில் துண்டு. அப்பவே இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். வெறும் அட்டை வைத்து மூடிக் கொடுத்தாள்.

கனவு நின்றுவிட்டது. ஆனால் ராஜலட்சுமி மறுபடியும் வந்து நின்றாள்.

"அப்பா வர்றதே இல்லக்கா. அழுதாலும் பரவால்ல, மூஞ்சியப் பாத்துட்டு இருந்தேன்."

காளியம்மாள் சும்மா போ என்று விரட்டிவிட்டாள். விரட்டின பிறகு உட்கார்ந்து அழுதாள். பொறாமைதான், வேறென்ன? கண்டவங்க வீட்டுச் செத்தவனெல்லாம் வருகிறான், என் ஆளுக்கு மட்டும் வழி தெரியவில்லையா?

அன்றைக்கே தீர்மானம் செய்தாள், சென்னப்பன் படத்துக்குப் பின்னாலும் ஒரு ஊர் வைப்பது என்று. குளிர்ந்த ஊர் வேண்டாம், கடலோரம் வேண்டாம் என்று எல்லாப் படத்தையும் தள்ளி, லட்லோவை எடுத்தாள். வெயில் அடிக்கிற சந்தைத் தெரு. வண்டி மாடு நிற்கிறது, ஓரத்தில் பந்தல் போட்ட கடை. டீ குடிக்க ஒரு இடமாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். அதோடு விடவில்லை. பழைய போட்டோவை எடுத்துவிட்டு, பனிக்காலத்து ஷிப்டுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவன் வண்டி மேல் உட்கார்ந்திருந்த போட்டோவைப் பெரிதாக்கினாள். பாஸ்கரன் மாதிரி என் ஆள் நடுங்கக்கூடாது. பின்னால் லட்லோ, முன்னால் சென்னப்பன். பொட்டு வைத்து வீட்டில் மாட்டினாள்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்ட அசதியில் கடையில் கண் அசந்தாள். சந்தைத் தெருவில் நின்றாள். காலுக்குக் கீழே கல் சில்லென்றிருந்தது. பந்தல் கடையோரம் ஸ்வெட்டர் முதுகு. "ஏங்க" என்று ஓடினாள். அவன் திரும்பினான். அதே முகம், அதே மீசை. கோபம் இல்லை. வழி தொலைத்தவன் முழிக்கிற முழி.

"எதுக்குடி என்னை இங்க கொண்டாந்து உட்ட? நான் வீட்லதானே இருந்தேன்?"

முழித்ததும் கடையைத் திறந்து போட்டபடியே வீட்டுக்கு ஓடினாள். பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றாள். வீடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கூலண்ட் வாசனை இல்லை.

நகம் பெயரப் பெயர ஆணியைப் பிடுங்கினாள். லட்லோவை உருவினாள், பழைய போட்டோவை வைத்தாள், பழைய அட்டையைத் தேடி வைத்தாள், கற்பூரம் ஏற்றினாள், வந்துவிடு என்று கதறினாள். வாசனை வரவில்லை. தாளைப் பார்த்தாள். பந்தல் கடையோரம் ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இப்போது லட்லோ அவள் வீட்டில் வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறது. கண்ணாடி போடவில்லை. அவன் கிளம்பினால் எதுவும் தடுக்கக்கூடாதாம். காலையில் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மாடி ஏறி, ஆயில் பட்ட துணி ஏதாவது இருந்தால் என் வீட்டில் காயப் போடுங்களேன் என்று ஜெகதீஷைக் கேட்டாள். அவன் சங்கடப்பட்டு, நாங்கள் பிஸ்கட் கம்பெனி அக்கா என்றான். சாயந்திரம் வீடு திறந்ததும் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். மாடியிலிருந்து பிஸ்கட் வாசனைதான் வருகிறது.